தடைக்காலத்தில் புலிக்காட்டுக்கு: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து செல்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து பாம்பன் வழியாக மூக்கையூர் வரை நீளும் நம் கடற்கரையில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கும். கடலை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஒன்றாக வெளியூர் போய்வரக்கூடிய நீண்ட இடைவெளி ஆண்டில் இது ஒன்றுதான். பள்ளிகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. தென்னிந்தியக் காடுகளில் புலியைக் கண்ணால் காண மிகவும் ஏற்ற வாரங்களும் இந்தத் தடைக்காலத்தின் முற்பாதியில்தான் வருகின்றன. ஆகவே, வழக்கமான மலை ஊர்களுக்குப் பதிலாக ஒரு முறையாவது காட்டு விடுதி ஒன்றில் தங்கிப் புலியையும் சிறுத்தையையும் பார்த்துவர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே, எப்போது போவது, எந்த விடுதியை எடுப்பது என்பவற்றோடு, அந்த விலங்கு எதிரில் வந்து நிற்கும்போது நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் புலியை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் நம் நடத்தையால் கிடைக்கிறது, நம் நடத்தையாலேயே கெட்டும் போகிறது.

அருகிலிருந்து பார்ப்பது என்றவுடன், புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது சிலருக்கு நினைவுக்கு வரலாம். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்று தொழில் செய்கிறவர்கள் பலர். அங்கிருந்து தாய்லாந்து போன்ற இடங்களுக்குச் சுற்றுலாப் போகும்போது, பணம் கட்டினால் புலியைத் தடவிப் பார்க்கலாம் என்று அழைக்கும் இடங்கள் அவர்கள் கண்ணில் படும். தயவுசெய்து அந்த வாசலை மிதிக்காதீர்கள். மனிதர் கைக்குப் பழக வேண்டும் என்பதற்காக அங்கே குட்டிகளைப் பால்குடி மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். குட்டி சில மாதங்களில் வளர்ந்து கைக்கு அடங்காமல் போனதும், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதற்குக் கூண்டுதான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிகளை வளர்த்துவந்த ஒரு பௌத்த மடத்தில் 2016-இல் அரசு சோதனையிட்டு 137 புலிகளை மீட்டபோது, உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. நம் நாட்டில் இத்தகைய வியாபாரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆவுளியா என்னும் கடல்பசுவையும் கடல் அட்டையையும் தொட்டால் என்ன ஆகும் என்பது நம் கரையில் சிறுவர்களுக்கும் தெரியும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் அதே முதல் அட்டவணையில்தான் புலியும் சிறுத்தையும் சிங்கமும் இருக்கின்றன.

எனவே, இங்கே நான் சொல்வதெல்லாம் சுதந்திரமாகத் திரியும் விலங்கை அதன் காட்டிலேயே பார்ப்பது பற்றித்தான்.

எந்தக் காட்டுக்குப் போவது

தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. நமக்கு மிக அருகில் இருப்பது கடைசியாகச் சொன்னதுதான். ஆனால் அருகில் இருக்கிறது என்பதற்காகப் புலி பார்க்க அங்கே போகலாம் என்று எண்ண வேண்டாம். செங்குத்தான மலையும் அடர்ந்த சோலையுமான காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் புலி கூட நம் கண்ணுக்குப் படாது. தேக்கடிக்கும் இதே விதிதான்: மதுரை, தேனி வழியாக எளிதாகப் போகலாம், ஏரியில் படகேறி யானையையும் காட்டுமாட்டையும் நிறைவாகப் பார்க்கலாம், ஆனால் புலியைக் காண்பது மிகவும் அரிது.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் 3,682 புலிகள் என்று மதிப்பிடப்பட்டது. அவற்றில் தமிழ்நாட்டில் 306, கர்நாடகத்தில் 563. முதுமலையும் பந்திப்பூரும் நாகரஹொளேயும் வயநாடும் சத்தியமங்கலமும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பெருங்காடு. எல்லைக்கோடு மனிதர்களுக்கு மட்டுமே இருக்கிறது. அதே புலி இரண்டு மாநிலங்களிலும் நடமாடும். இருந்தும், பார்ப்பதற்கான வாய்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. முதுமலையில் சாலையோரங்களை உண்ணிச்செடி புதராக மூடிக்கிடப்பதால், உள்ளே படுத்திருக்கும் விலங்கு தெரிவதில்லை. நாகரஹொளேயின் தெற்கு விளிம்பில் உள்ள கபினி அணைப் பகுதியிலோ, கோடையில் நீர் வற்றி, தரை வெளிப்பட்டு, அதில் புல் முளைக்கிறது. புல்லைத் தேடி மானும் யானையும் வெட்டவெளிக்கு வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து புலியும் வருகிறது. முதன்முறை போகிறவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் கபினியைத்தான் சொல்வேன். பணம் குறைவாக இருந்தால் முதுமலை. அங்கே தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் வனத்துறையின் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, அறைகளைக் காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

சிறுத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு, கடவுச்சீட்டு இருந்தால், இன்னொரு வழியும் உண்டு. இலங்கையில் புலியும் சிங்கமும் கிடையாது. அங்கே காட்டின் தலைமை வேட்டை விலங்கு சிறுத்தைதான். அதனால் அது பகலிலும் அச்சமின்றி வெளியே உலவுகிறது. தெற்கே யாலவும், நமக்கு எதிர்க்கரையான மன்னாருக்குத் தெற்கே வில்பத்துவும் அதற்குப் பேர்போனவை.

எப்போது, எப்படிப் போவது

ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே இறுதி வரை நல்ல காலம். கோடை மழை இரண்டு மூன்று முறை கனமாகப் பெய்துவிட்டால் காட்டுக்குள் ஆங்காங்கே நீர் தேங்கி விலங்குகள் சிதறிவிடும் என்பதால், முடிந்தவரை முன்கூட்டியே போவது நல்லது. தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரங்களில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். அப்போது போகிறவர்கள் பசுமையை நிறையப் பார்க்கலாம், புலியைப் பார்ப்பது கடினம். முதுமலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: காட்டுத்தீ அபாயம் மிகுந்த ஆண்டுகளில் காப்பகத்தைச் சில வாரங்கள் மூடிவிடுவார்கள். முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவர்களுக்குத் தடைக்காலம் தோதுப்படாவிட்டால், ஜனவரியும் பிப்ரவரியும் அடுத்த நல்ல மாதங்கள்.

கபினிக்குப் போக, ராமநாதபுரத்திலிருந்து மதுரை சென்று, அங்கே தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயிலைப் பிடித்தால் இரவெல்லாம் உறங்கிக் காலையில் மைசூரில் இறங்கலாம். அங்கிருந்து ஹெக்கடதேவன்கோட்டை வழியாக வாடகை வண்டியில் விடுதிக்குப் போய்விடலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் விடியற்காலையில் புறப்பட்டு அன்று மாலையே சஃபாரி ஏறிவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். வழியில் ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். களைத்த கண்ணுக்குக் காட்டில் எதுவும் தெரியாது.

விடுதியைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பயணத்தில் மிகவும் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான். கபினியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தின் விடுதி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அறை, உணவு, சஃபாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். தனியார் விடுதி என்றால் பதிவு செய்யும் முன்பே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். சஃபாரி கட்டணம் அறை வாடகையில் அடங்குமா, அந்தச் சஃபாரி காப்பகத்தின் உள்ளே போவதா அல்லது வெளிச்சாலையில் சுற்றிக்காட்டுவதா, வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், உடன் வரும் வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்பவை அவற்றில் முக்கியமானவை. இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்று இழுக்கிற விடுதியை விட்டுவிடுவது நல்லது.

"இரவு சஃபாரி கூட்டிப் போகிறோம்" என்று ஒரு விடுதிக்காரர் சொன்னால், அந்த ஒரு சொல்லே அவரை ஒதுக்குவதற்குப் போதுமான காரணம். இரவில் விளக்கடித்துக் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். பிடிபட்டால் விருந்தினருக்கும் அபராதம் விழும். இறைச்சியைக் கட்டிவைத்துச் சிறுத்தையை வரவழைப்பதாகக் காதோடு காதாகச் சொல்கிறவர்கள் அதைவிட மோசமானவர்கள். மனிதர் வாசத்தை இரையோடு சேர்த்து அறிந்துகொண்ட விலங்கு, பிறகு ஊருக்குள் வரத் தயங்காது. அதன் விலையை விடுதிக்காரர் கொடுப்பதில்லை, மாடு மேய்க்கப் போகிற பழங்குடிப் பெண் கொடுக்கிறாள்.

மசினகுடிப் பகுதி யானைகளின் வழித்தடம். அங்கே அனுமதியின்றிக் கட்டப்பட்டிருந்த பல விடுதிகள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018-இல் மூடி முத்திரையிடப்பட்டன. வழித்தடத்தைக் காக்கும் தமிழக அரசின் அறிவிக்கை செல்லும் என்று 2020-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஜனவரியில்தான், விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசியதும், அது காதில் சிக்கித் தீக்காயத்தால் அந்த யானை இறந்ததும் நாடெங்கும் காணொளியாகப் பரவியது. நாம் கட்டும் வாடகை யார் கைக்குப் போகிறது என்பதை விசாரித்துப் போவது, விலங்கின் மேல் அக்கறை உள்ளவர் செய்யக்கூடிய முதல் காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு விடுதிகளில் ஒவ்வோர் இரவு தங்குவதைவிட, ஒரே விடுதியில் இரண்டு இரவு தங்குவது மேல். அப்போது மூன்று அல்லது நான்கு சஃபாரி கிடைக்கும். முதல் நாள் பார்த்த தடத்தை மறுநாள் அதே வழிகாட்டியோடு தொடரவும் முடியும். புலி தெரியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

மூட்டை கட்டும்போது

நம் கரையின் வெப்பத்துக்குப் பழகிய உடம்புக்கு அங்கே விடியற்காலைக் காற்று வேறு மாதிரி. மே மாதத்தில் கூடத் திறந்த ஜீப்பில் காலை ஆறு மணிக்கு முழுக்கைச் சட்டையும் தலைக்கு ஒரு துண்டும் வேண்டும். ஜனவரி என்றால் கம்பளி ஆடை இல்லாமல் ஏறவே கூடாது. உடை மண்ணின் நிறத்திலோ காய்ந்த இலையின் நிறத்திலோ இருக்கட்டும். வெள்ளை வேட்டி சட்டையும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். அத்தரையும் வாசனைத் தெளிப்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வழிச்சாப்பாட்டுக்கு எதையும் எடுத்துப் போகலாம், ஆனால் கருவாட்டை அறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாசம் பிடித்துக் காட்டுப்பன்றி வாசலுக்கு வந்துவிடும். கீழக்கரைத் தொதல் இனிப்பு கொண்டுபோனால் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், குரங்குகள் கதவைத் திறக்கத் தெரிந்தவை. இருநோக்கி ஒன்று இருந்தால் மிகவும் உதவும். எட்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியே போதும், அதைவிடப் பெரியது ஓடும் ஜீப்பில் ஆடும். பல காப்பகங்களில் கைபேசியை உள்ளே பயன்படுத்த விடுவதில்லை. படம் முக்கியம் என்றால் தனி கேமரா எடுத்துப் போங்கள்; பிளாஷை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

காட்டுக்குள்

புலியைத் தேடுகிறவர்கள் புலியைத் தேடுவதில்லை. மற்ற விலங்குகளைக் கவனிக்கிறார்கள். கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு விழுவதைப் பார்த்து மீன் கூட்டம் இருக்கும் இடத்தை நம்மவர்கள் அறிகிறார்களே, அதே அறிவுதான் இங்கும் வேண்டும். புள்ளிமான் ஆபத்தை உணர்ந்தால் கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். ஆனால் அது சற்றுப் பயந்த சுபாவம், காட்டுக்கோழி படபடத்தாலும் கத்திவிடும். மந்தி மரத்தின் உச்சியிலிருந்து பார்ப்பதால் அதன் இருமல் போன்ற எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறது என்று கவனித்தால் திசையும் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் நம்பத்தக்கது கடமான். அது வாலை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையை உதைத்து, கனத்த உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசையை விட்டு விட்டு எழுப்பினால், புலியோ சிறுத்தையோ செந்நாயோ அதன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது வழிகாட்டி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைப்பார். அடுத்த கால்மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. ஐந்து நிமிடத்தில் பொறுமையிழந்து "கிளம்பலாமா" என்று கேட்கிறவர்களால்தான் பல வண்டிகள் புலியைத் தவறவிடுகின்றன.

மண்சாலையின் தூசியில் தடம் பதிந்திருந்தால் வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். நான்கு விரல்கள், அவற்றுக்குப் பின்னே அகன்ற ஒரு மெத்தை, அந்த மெத்தையின் பின்விளிம்பில் மூன்று வளைவுகள்; நகத்தின் குறி இருக்காது, ஏனெனில் புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நகம் குத்திய புள்ளிகள் தெரிந்தால் அது செந்நாயின் தடம். ஆண்புலியின் தடம் ஏறக்குறையச் சதுரமாகவும், பெண்புலியின் தடம் சற்று நீண்டும் இருக்கும். தடத்தின் விளிம்பு கூர்மையாக நின்று, மேலே இலையோ பூச்சியின் கோடோ விழாமல் இருந்தால் அது அன்று காலையில் பதிந்தது. சாலையோர மரத்தில் புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சிய இடம் புதிதாக இருந்தால், வண்டியிலிருந்தபடியே அந்த மணத்தை உணரலாம். பாசுமதிச் சோற்றுக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் அதிலும் இருக்கிறது. முதன்முறை அதை முகர்கிறவர்கள் காட்டுக்குள் யார் சமைக்கிறார்கள் என்று திகைத்துப் போவார்கள்.

கபினியில் படகுச் சஃபாரியும் உண்டு. நம்மவர்கள் படகில் எழுந்து நின்று பழகியவர்கள். அங்கே உட்கார்ந்தே இருங்கள். எஞ்சினை நிறுத்திக் கரையோரம் மிதக்க விடும்போது, நீர் குடிக்க வரும் விலங்கு தொந்தரவில்லாமல் நீண்ட நேரம் நிற்கும். வெயில் நேரத்தில் புலி பின்னோக்கி நடந்து நீருக்குள் இறங்கிக் கழுத்தளவு அமர்ந்திருப்பதை இப்படித்தான் பார்க்க முடியும்.

புலி வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எந்த வன விலங்கிடமிருந்தும் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வழிமறிக்கவோ இரை காட்டி அழைக்கவோ கூடாது. ஒரே விலங்கின் முன் 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது. ஓட்டுநரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று பணத்தை நீட்டாதீர்கள். பிடிபட்டால் அவருடைய வேலைதான் போகும். புலி தானாகவே சாலையில் நம்மை நோக்கி நடந்து வருவதும் உண்டு. காட்டுச் சாலை அதற்கு வசதியான நடைபாதை. அப்போது வண்டிக்குள் இருப்பவர்கள் அசையாமல் இருந்தால், அது வண்டியையும் மனிதர்களையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விடும். யாராவது எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடைந்து, மனிதன் தனியாகத் தெரிந்துவிடுகிறான். காது பின்னுக்கு மடிந்து ஒட்டுவது, வால் நுனி வெட்டி வெட்டி அசைவது, அடித்தொண்டையில் உறுமுவது ஆகிய மூன்றும் விலகிப் போ என்பதன் அறிகுறிகள். ஓட்டுநர் மெதுவாகப் பின்வாங்குவார், அவரை அவசரப்படுத்த வேண்டாம். குட்டிகளோடு வந்த தாயென்றால், அது எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும், நாமே சொல்லி வண்டியைத் திருப்பிவிடுவது நல்லது.

படம் எடுப்பதை முதல் நிமிடத்தில் தள்ளிவையுங்கள். காதின் பின்புறத்தில் உள்ள வெள்ளைப் பொட்டு, நடக்கும்போது தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில் மாறி மாறி எழுந்து தாழ்வது, நெற்றியிலும் விலாவிலும் உள்ள வரிகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒன்றாக இருப்பதில்லை. கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராப் படங்களிலிருந்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு

புலியைவிடச் சிறுத்தை மனிதக் குடியிருப்பை ஒட்டி வாழப் பழகியது. விடுதி நாய்களைத் தேடி இரவில் முற்றம் வரை வரும். இருட்டிய பின் அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே தனியாக நடக்காதீர்கள். பணியாளரைத் துணைக்கு அழைத்தால் டார்ச்சோடு வருவார். குழந்தைகளைப் பெரியவர்களுக்கு நடுவில் விட்டு நடத்திச் செல்லுங்கள். எதிர்பாராமல் நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது, குனியக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, உரக்கப் பேசியபடி பின்னோக்கி நகர வேண்டும். அதற்குத் தப்பிச் செல்ல வழி இருந்தால் பெரும்பாலும் அதுவே போய்விடும்.

வழிகாட்டிகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிலும் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மாலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்; காட்டைப் பற்றி எந்த விடுதிப் பலகையிலும் எழுதப்படாத செய்திகள் கிடைக்கும். அன்பளிப்பைப் புலி தெரிந்த நாளில் மட்டும் கொடுக்காமல் தெரியாத நாளிலும் அதே அளவு கொடுங்கள். காட்சி கிடைத்தால்தான் பணம் என்ற நிலை வந்துவிட்டால், வண்டியை விலங்கின் மேல் ஏற்றுவது போல் ஓட்டும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சொந்த வண்டியில் திரும்புகிறவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும். பந்திப்பூர் வழியாகக் கூடலூருக்கு இறங்கும் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மூடப்பட்டிருக்கும். சத்தியமங்கலத்துக்கு இறங்கும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைவதற்கு இ-பாஸ் வேண்டும், அதைப் புறப்படும் முன்பே கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்தால் சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள். காட்டுச் சாலையில் மான் கூட்டம் நின்றாலும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டாம், குரங்குக்கு எதையும் கொடுக்க வேண்டாம், முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். காலைச் சஃபாரியை முடித்து, சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குள் விடுதியை விட்டுக் கிளம்பினால் மலையைப் பகல் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம். இரவைக் கோவையிலோ திண்டுக்கல்லிலோ கழித்துவிட்டு மறுநாள் ஊர் வந்து சேரலாம்.